நாப்பத்தொரு சிரிப்பு

இருநூத்திப் பதினாலு. இந்த எண்ணை மனசுல வச்சுக்கோங்க.

ஆஸ்பத்திரி பெட்ஷீட் துவைக்கிற லாண்டரி அது. அதுல கடைசிக் கட்டம் மடிப்பு ஹால். நாப்பத்தொரு பேர் வேலை. அந்த ஹால்ல தொடர்ந்தாப்புல இருநூத்திப் பதினாலு வேலை நாள் ஒருத்தருக்குக்கூட மனசு சரியில்லாம போகல. சும்மா 'ஏதோ இருக்கேன்' ரகம்கூட ஒருத்தர் இல்ல. நாப்பத்தொரு பேரும் தினமும் சந்தோஷம். ரெக்கார்டு அப்படித்தான் சொல்லுச்சு. அந்த லாண்டரியில இருபத்தாறு வருஷம் சங்கம் நடத்தினவன் நான். கல்யாண வீட்டுலகூட நாப்பத்தொரு பேர் ஒண்ணா சந்தோஷமா இருந்து பார்த்ததில்ல.

இந்தச் சாதனைக்கெல்லாம் காரணம் ஒரே ஒரு ஆள். லாண்டரியில அவங்களுக்கு மூலையக்கான்னு பேரு.

பேரு வந்த காரணம் சொல்றேன். பெரிய பெட்ஷீட்டை ஒத்த ஆளா மடிக்க முடியாது. ரெண்டு பேர் எதிரெதிர நிக்கணும். ஆளுக்கு ரெண்டு மூலை. ஒரு உதறு, ஒரு இழு, அப்புறம் கிட்ட வந்து மூலையோட மூலை சேர்க்கணும். பின்னாடி போகணும், மறுபடி கிட்ட வரணும். ஒரு ஜோடி ஒரு நாளைக்கு நானூறு ஷீட்டு. அதுல மூலை அரை விரல் விலகினாலும் அக்கா பிரிச்சு மறுபடி மடிக்கும். பத்தொன்பது வருஷமா இதே கூத்து. வீட்டுலயும் விடாது. அக்கா வீட்டுக்காரர் முடிவெட்டுற கடை வச்சிருக்கார். அவர் கடைத் துண்டையெல்லாம் அக்கா மடிச்சு அடுக்கி வச்சிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பும். அந்த அழகைப் பார்த்தா கஸ்டமர் கழுத்துல போடவே கை வரலன்னு மனுஷன் சொல்லுவார். அவர் பேசுறதே அவ்வளவுதான். நாள் முழுக்க நாற்காலியில உக்கார்றவன் கதையெல்லாம் கேட்டுட்டு வர்றவர், வீட்டுல வாயைத் திறக்க மாட்டார். அக்கா ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிடும்.

அக்காவுக்கு ஹால்ல ஜோடி நெட்டை. ஏழு வருஷமா அவதான். ஆறடிக்கு ஒரு விரல் கம்மி. அக்கா அஞ்சடியே இல்ல. ஷீட்டு சறுக்குமரம் மாதிரி சாயுதுன்னு அக்காவுக்கு ஒரு பலகை போட்டுக் குடுத்தோம், ஏறி நிக்க. அக்கா பலகையை விட்டு இறங்கினா போதும், எங்கடா ஆளைக் காணோம்னு நெட்டை ஷீட்டைத் தூக்கிப் பார்ப்பா. நீ மேல இருந்து பார்த்தா மழை எப்ப வரும்னு தெரியுமாடின்னு அக்கா கேக்கும். கிட்ட வரும்போது ஒரு வரி, தள்ளிப் போகும்போது யோசனை, மறுபடி கிட்ட வரும்போது பதில். நானூறு ஷீட்டு முடியறதுக்குள்ள ரெண்டு குடும்பக் கதையும் ஒரு ரவுண்டு வந்துடும்.

இப்படி இருக்கும்போதுதான் பெட்டி வந்துச்சு.

கம்பெனி புதுசா ஒரு மேடத்தை வேலைக்கு எடுத்துச்சு. தொழிலாளியோட மனநலம் பார்க்கிறதுதான் அவங்க வேலை. நல மேடம்னு பேரு வச்சுட்டாங்க. நல்ல பொண்ணு. குறையே சொல்ல மாட்டேன். வாசல் கேட்டுக்குப் பக்கத்துல ஹாலுக்கு மூணு பெட்டி வச்சாங்க. ஒண்ணுல சிரிச்ச மூஞ்சி, ஒண்ணுல வாய் நேர்கோடு, ஒண்ணுல அழுத மூஞ்சி. ஆளுக்கு ஒரு நம்பர் டோக்கன், பலகையில ஆணி அடிச்சு வரிசையா தொங்கும். காலையில வந்ததும் உங்க டோக்கனை எடுத்து, இன்னைக்கு மனசு எப்படியோ அந்தப் பெட்டியில போடணும். சாயங்காலம் வாட்ச்மேன் எண்ணி நோட்டுல எழுதிட்டு, மறுபடி ஆணியில மாட்டிடுவார்.

நான் சிரிச்சேன். எங்க சங்கத்துக் கோரிக்கைப் பட்டியல்ல பதினெட்டு கோரிக்கை. பதினேழாவது கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள். மனசுன்னு ஒரு வார்த்தை அதுல கிடையாது. சிரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லன்னு அப்புறம்தான் உறைச்சுது.

பெட்டியில ஒரே ஒரு கோளாறு. அது கைநாட்டு மெஷினுக்கு முன்னாடி இருந்துச்சு. ஆறரைக்குக் கை வைக்கணும். ஆறு முப்பத்தஞ்சு ஆனா அரை மணி சம்பளம் போச்சு. நாப்பத்தொரு பேர் வரிசையில நின்னு, 'இன்னைக்கு என் மனசு எப்படி இருக்கு'ன்னு யோசிச்சா விளங்குமா? முதல் வாரமே எட்டுப் பேருக்கு அரை மணி வெட்டு. மனநலம் பார்க்கப் போய், இருந்த மனநலமும் போச்சு.

அக்கா வர்ற பஸ் ஆறு மணிக்கே இறக்கி விட்டுடும். சும்மா நிக்க அக்காவுக்குத் தெரியாது. ரெண்டாவது வாரம் திங்கக்கிழமை, பலகையில இருந்த நாப்பத்தொரு டோக்கனையும் முந்தானையில வழிச்சுப் போட்டு, சிரிச்ச மூஞ்சிப் பெட்டியில கொட்டிடுச்சு. வேலை முடிஞ்சுது. எல்லாரும் நேரா மெஷினுக்குப் போனாங்க. வாட்ச்மேன் பார்த்துட்டுத்தான் இருந்தார். பின்னால ஒரு நாள் நான் பிடிச்சுக் கேட்டதுக்கு, நான் எண்ணுற ஆளு, சிரிக்கிறது யாருன்னு பார்க்கிற ஆளு இல்லன்னுட்டார்.

மூணு மாசத்துல மடிப்பு ஹாலுக்குப் பரிசு வந்துச்சு. ரொம்ப சந்தோஷமான ஹாலாம். சிரிச்ச மூஞ்சி போட்ட சுவர்க் கடிகாரம். மேனேஜர் கையால மாட்டினார். அதுக்கு நேர் கீழ நின்னு அக்கா கைதட்டுச்சு.

அந்தக் கடிகாரத்துக்குக் கீழதான் நெட்டைக்கு என்னமோ ஆச்சு.

முதல்ல பேச்சு நின்னுச்சு. அக்கா கிட்ட வந்து ஒரு வரி சொல்லும், பதில் வராது. அப்புறம் ஷீட்டு நிக்க ஆரம்பிச்சுது. பாதி மடிப்புல மூலையைப் பிடிச்சபடியே நெட்டை எங்கயோ பார்த்துட்டு நிப்பா. ராத்திரி தூக்கமில்ல, சோறு இறங்கல. காரணம் கேட்டோம். வீட்டுல சண்டை இல்ல, சாவு இல்ல. அவகிட்டயே காரணம் இல்ல. எனக்கு இது புரியவே இல்ல. காரணம் இருந்தா கோரிக்கை வைக்கலாம், கொடி பிடிக்கலாம். காரணம் இல்லாத துக்கத்துக்கு எந்த வாசல்ல போய் கோஷம் போடறது?

மடிப்பு தப்பின ஷீட்டு ஆஸ்பத்திரியில இருந்து சிவப்புச் சீட்டோட திரும்பி வரும். ஒரு ஆளுக்கு அஞ்சு சீட்டு சேர்ந்தா வேலை காலி. நெட்டைக்கு நாலு சேர்ந்துச்சு. இது போக எத்தனையோ சீட்டை அக்கா முன்கூட்டியே தடுத்திருக்கு. நெட்டை மடிச்சதைச் சத்தமில்லாம பிரிச்சு மறுபடி மடிச்சு, நானூறை முடிக்க ஓடும். பலகையில ஏறி இறங்கி முழங்கால் போச்சு.

கடைசியில அக்காவே நெட்டையை டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போச்சு. டாக்டர் இதுவும் ஒரு நோய்தான், குணமாகும்னு சொல்லி, மாத்திரை குடுத்து, ஆறு வாரம் ஓய்வு வேணும்னு லெட்டர் எழுதினார். நல மேடம் வந்ததுல இருந்து கம்பெனி விதியில மனநல விடுப்புன்னு ஒண்ணு இருந்துச்சு, சம்பளத்தோட. யாரும் அதுவரைக்கும் கேட்டதில்ல. எப்படிக் கேப்பாங்க, எல்லாரும்தான் சந்தோஷமா இருக்காங்களே.

மூணாம் நாள் லெட்டர் திரும்பி வந்துச்சு. விடுப்பு கிடையாது. காரணம் கீழ டைப் அடிச்சிருந்துச்சு: டோக்கன் பதிவுப்படி, இந்தத் தொழிலாளி இருநூத்திப் பதிமூணு நாளும் மகிழ்ச்சியாக இருந்திருக்கிறார்.

அக்கா அதை ரெண்டு தடவை படிச்சுது. அப்புறம் அந்தக் காகிதத்தை மூலைக்கு மூலை மடிச்சு இடுப்புல சொருகிக்கிச்சு. அன்னைக்கு வீட்டுக்குப் போய் வாயே திறக்கலையாம். வீட்டுக்காரர் பயந்தே போயிட்டார். துருவித் துருவிக் கேட்டு விஷயத்தை வாங்கினார். உண்மையைச் சொன்னா வேலை போயிடும்ங்க, பொய்க் கணக்குன்னு எழுதி வெளியே தள்ளிடுவாங்கன்னு அக்கா சொல்லுச்சு. அவர் ரொம்ப நேரம் கத்தரிக்கோலைத் துடைச்சார்.

"கடையில ஒருத்தன் முடியைத் தப்பா வெட்டிட்டா, தொப்பி குடுத்தா அனுப்புறேன்? கண்ணாடியைக் காட்டித்தானே ஆகணும்," அப்படின்னார்.

கல்யாணமான நாள்ல இருந்து அவர் பேசின நீளமான பேச்சு அதுதான்னு அக்கா சொல்லும்.

மறுநாள் காலையில அக்கா டோக்கன் பக்கமே போகல. ஆனா பழகின ஜனம் யாரும் நின்னு எடுக்கல, அவசரத்துல மெஷினுக்கு ஓடிட்டாங்க. அக்கா திரும்பிப் பார்த்தா நாப்பத்தொண்ணும் ஆணியிலயே தொங்குது. சந்தேகம் வந்துடக்கூடாதுன்னு பழையபடி வழிச்சுக் கொட்டிட்டுத்தான் உள்ள போச்சு. ஆக இருநூத்திப் பதினாலு. பழக்கதோஷம்னா இதுதான்.

முதல் ஷீட்டுல கிட்ட வந்தப்போ சொல்லுச்சு. "உன் டோக்கனை நான்தாண்டி போட்டேன். தினமும்."

நெட்டை பின்னாடி போனா. உதறினா. கிட்ட வந்தா.

"தெரியும்க்கா. நானே போட்டிருந்தாலும் அதுலதான் போட்டிருப்பேன். அழுத மூஞ்சியில போட்டுட்டு நாள் முழுக்க உங்க எதிர்ல எப்படிக்கா நிக்கறது."

அந்த ஷீட்டு நாலு மூலையும் கோணலா மடிஞ்சுது. பத்தொன்பது வருஷத்துல முதல் தடவையா அக்கா அதைப் பிரிக்கல. நேரா என்கிட்ட வந்துச்சு. வாங்க, மேனேஜர் ரூமுக்குப் போகணும், கையில கொடி கிடி எடுத்துட்டு வராதீங்கன்னு சொல்லுச்சு.

ரூம்ல மேனேஜர், நல மேடம், நாங்க ரெண்டு பேர். அக்கா நின்னுக்கிட்டே எல்லாத்தையும் ஒப்பிச்சுது. மேனேஜர் நம்பல. அவருக்கு நம்பக் கஷ்டம். பெரிய ஆபீஸ்ல அந்த ரெக்கார்டைக் காட்டி அவரும் ஒரு பரிசு வாங்கியிருந்தார். தோழியைக் காப்பாத்த இந்தம்மா கதை விடறாங்கன்னு என்னைப் பார்த்துச் சொன்னார். அந்தக் காலத்துலயே நான் கதை விட்டுத்தான் போனஸ் வாங்கினேன்னு அவருக்கு ஒரு எண்ணம்.

"சார், இருபத்திமூணாம் நம்பரைப் பாருங்க," அக்கா சொல்லுச்சு.

இருபத்திமூணாம் நம்பர் வண்டி தள்ளுறவர். போன மாசம் படியில விழுந்து கால் உடைஞ்சு, கட்டுப் போட்டு வீட்டுல கிடந்தார். நல மேடம் நோட்டைத் திருப்பினாங்க. விரலை வச்சு ஒவ்வொரு வரியா இறங்கினாங்க. பாதியில அவங்க வாய் ஓரம் துடிக்க ஆரம்பிச்சுது. அழுகைன்னு நினைச்சேன். இல்ல.

"பத்தொன்பது நாள் வரவே இல்ல சார்," மேடம் சொன்னாங்க. "பத்தொன்பது நாளும் சிரிச்சிருக்கார்."

மேனேஜர் நோட்டை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழட்டினார். கால் உடைஞ்சதுக்கு ஒருத்தன் இவ்வளவு சந்தோஷப்படுவானான்னு அவரே முணுமுணுத்தார். மேடம் எழுந்து நின்னு, தப்பு என்னோடதும்தான், பெட்டியை வச்சேனே தவிர வரிசையில ஒரு நாள்கூட நின்னு பார்க்கலன்னாங்க. அதிகாரி வாயில இருந்து இப்படி ஒரு பேச்சு வந்து நான் கேட்டதில்ல. கொண்டுபோன வசனமெல்லாம் வீணாப்போச்சு எனக்கு.

அக்கா இடுப்புல இருந்து டாக்டர் லெட்டரை எடுத்து மேஜையில பிரிச்சு வச்சுது. "எனக்கு என்ன தண்டனையோ குடுங்க சார். அவளுக்கு இந்த விடுப்பைக் குடுத்துடுங்க."

நெட்டைக்கு விடுப்பு கிடைச்சுது, ஆறு வாரமும். சிவப்புச் சீட்டு நாலும் ரத்து. அக்காவுக்கு மூணு நாள் சஸ்பெண்ட், சம்பளம் இல்லாம. முதல் நாளே வீட்டுல இருந்த துணியெல்லாம் மடிச்சுத் தீர்த்துட்டு, ரெண்டாம் நாள் கடைக்குப் போய் கஸ்டமர் படிக்கிற பேப்பரையும் மடிச்சு அடுக்கிடுச்சாம். மூணாம் நாள் வீட்டுக்காரரே கம்பெனிக்கு போன் போட்டு, ஒரு நாள் குறைச்சுக்க முடியுமான்னு கேட்டார். கடிகாரத்தைத் திருப்பி வாங்கிட்டாங்க. ஒரு வாரம் டீ நேரம் தெரியாம ஹாலே தவிச்சுது.

பெட்டிக்கு மூணு கோரிக்கை எழுதினேன். பெட்டி மெஷினுக்கு உள்பக்கம் வரணும். டோக்கன்ல நம்பர் கூடாது. விடுப்புக்கு டாக்டர் லெட்டர் போதும். கடைசி ரெண்டும் உடனே கிடைச்சுது. பெட்டியை உள்ள நகர்த்தத்தான் ஒன்றரை மாசம் ஆச்சு. ஆணி அடிக்கிறவர் விடுப்புல இருந்தார்.

அந்த ஆறு வாரமும் அக்காவுக்கு ஜோடி யாருங்கிறீங்க? இருபத்திமூணாம் நம்பர். கால் ஆறினவருக்கு லேசான வேலை குடுக்கிறதா நினைச்சு அனுப்பிட்டாங்க. சாயங்காலம் ஆனா, அக்கா பிரிச்சுப் பிரிச்சு மடிக்க வச்ச களைப்புல மனுஷன் என்கிட்ட வந்து உக்காருவார். அண்ணே, மறுபடி ஒரு தடவை படியில விழுந்தா என்னன்னு தோணுதுண்ணேம்பார்.

நெட்டை திரும்பி வந்தா. முகம் முழுசா தெளியல, மாத்திரை இன்னும் ஓடுது. ஆனா வாசல்ல நுழையும்போதே, பலகை இருக்கு ஆளைக் காணோமேன்னு கேட்டா. முதல் ஷீட்டுல மூலை ரெண்டு விரல் விலகித்தான் நின்னுச்சு. அக்கா பார்த்துச்சு. அப்படியே அடுக்குல வச்சிட்டு அடுத்த ஷீட்டை எடுத்துச்சு. இருபத்திமூணாம் நம்பர் தூரத்துல நின்னு பார்த்துட்டு நெஞ்சுல கை வச்சார்.

பெட்டி உள்ள வந்ததும் அன்னைக்குத்தான். நம்பர் இல்லாத டோக்கன். ஆளுக்கு ஒண்ணு எடுத்து அவங்கவங்க கையால போட்டாங்க. அக்கா ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு நின்னுச்சு, தன் முறை வர்ற வரைக்கும்.

சாயங்காலம் வாட்ச்மேன் எண்ணினார். சிரிச்ச மூஞ்சிப் பெட்டியில: பதினொண்ணு.