சாக்குத் திரைக்குப் பின்னால் நின்றவர்

துய்ப்ளே வீதி ஒயின் கடையில் பதினெட்டு வருஷம் விற்பனைக்கு நின்ற அரியாங்குப்பம் தெய்வசிகாமணி, ஒரு சொட்டு ஒயினை நாக்கில் வைத்தவரில்லை. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அப்பா சாராயத்தில் அழிந்ததைப் பார்த்துவிட்டு, அம்மா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவர் அவர். பிறகு எதை வைத்து விற்றார் என்று கேளுங்கள். காலிப் பாட்டிலை வைத்து!

காலிப் பாட்டில்களைக் கடை திரும்ப எடுத்துக்கொள்ளும். வீடுகளிலிருந்து வேலைக்காரர்கள் கொண்டுவருவதை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அடியில் மூன்று விரல் மிச்சம் கிடந்தால் அந்தச் சரக்கு தேறாது. சொட்டுவிடாமல் வடித்து, அதுவும் இரண்டே நாளில் திரும்பி வந்தால், அடுத்த ஆளுக்கு அதைத் தைரியமாக எடுத்துக் கொடுப்பார். முதலாளி தட்சிணாமூர்த்திக்கே இந்த வித்தை பிடிபடவில்லை.

பிடிபட்ட ஒரே ஆள் மதாம் ஒர்த்தான்ஸ் என்ற பிரெஞ்சுக்கார அம்மாள். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவர். சின்ன பென்ஷன், ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் இல்லாமல் முடியாது. சனிக்கிழமை பத்து மணிக்குக் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வருவார். முதலாளியைத் தாண்டி நேரே இவரிடம் வந்து நிற்பார்.

"தெய்வசிகாமணி, என் கையில இருக்கிறதுக்கு உங்கிட்ட என்ன இருக்கு?"

வாரம் பூராவும் அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர் பாலம் தாண்டி சைக்கிள் மிதித்தார் என்றால் மிகையில்லை. முதலாளிக்கு அவர் வெறும் கடை ஆள். வீட்டில் சம்பளம் கொண்டுவருகிறவர். மதாமுக்கு மட்டும்தான் அவர் விஷயம் தெரிந்த மனுஷர்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய மறுவருஷம், ஐம்பத்தைந்தில், பிரான்சுச் சரக்கு விலை ஏறிப்போய் மதாம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அப்போது இத்தாலியிலிருந்து, டஸ்கனி என்ற மலைச்சீமைச் சரக்கு சில பெட்டிகள் வந்திருந்தன. எல்லாம் கியாந்தி என்கிற சிவப்பு ஒயின்தான். ஒன்று, வைக்கோல் பின்னிய குண்டுப் புட்டி. பார்க்க அம்சமாக இருக்கும், வாங்குகிறவன் அந்த அம்சத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறான். மற்றது சாதா நீளப் புட்டி. அதன் கழுத்தில் முத்திரை இருக்கும். கருஞ்சேவல் முத்திரை போட்டது விலை கூட. குழந்தைப் படம் போட்டது அதைவிடக் குறைவு, யாரும் சீண்டவில்லை. ஆனால் வாங்கிப்போன நாலைந்து வீட்டிலிருந்தும் குழந்தைப் புட்டி, சேவலுக்குச் சமமாக வடித்தெடுத்துத்தான் வந்தது. தெய்வசிகாமணி கண்ணில் அது தப்பவில்லை.

"இத்தாலிக்காரன் சரக்கா?" என்று மூக்கைச் சுளித்துக்கொண்டேதான் மதாம் அவர் நீட்டிய குழந்தைப் புட்டியை வாங்கிப் போனார். திங்கட்கிழமை அவர் வீட்டு வேலைக்காரி தனக்கொடி கொண்டுவந்த புட்டியில் ஒரு சொட்டுகூட இல்லை. அதற்குப்பின் இரண்டு வருஷம், சனிக்கிழமைதோறும் குழந்தைப் புட்டிதான்.

இந்தச் சுகத்தில் மண்ணை அள்ளிப் போட வந்து சேர்ந்தான் கன்னியப்பன்.

சைகோனில் பெரிய ஓட்டலில் பரிமாறிவிட்டு ஊர் திரும்பியவன். முப்பது வயது. சலவைச் சட்டை, வழவழவென்று பிரெஞ்சு. கிளாஸைச் சுழற்றுவான், மூக்கை உள்ளே விடுவான், ஒரு வாய் உறிஞ்சி வாய்க்குள் உருட்டுவான். "செர்ரிப் பழம், கொஞ்சம் தோல் வாசனை" என்பான். தோல் வாசனையாம்! செருப்புக் கடையா இது? ஆனால் கடைக்கு வந்த துரைமாரும் மதாம்மாரும் அவனைச் சுற்றி நின்று வாயைப் பிளந்தார்கள். தெய்வசிகாமணிக்கு வயிறு பற்றி எரிந்தது. ராத்திரி சோறு இறங்கவில்லை. பதினெட்டு வருஷம் தூசியோடு கிடந்து தான் சேர்த்ததை, நேற்று வந்தவன் நாக்கை நீட்டித் தட்டிக்கொண்டு போகிறானே என்று மனைவி முத்தம்மாளிடம் புலம்பினார்.

"அவன் நாக்கு அவங்கிட்ட, உன் கண்ணு உங்கிட்ட. பேசாம சாப்புடு," என்றாள் அவள். அதுவும் எரிந்தது.

ஒரு சனிக்கிழமை மதாம் வந்தபோது இவர் வேறொருவருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். கன்னியப்பன் நாற்காலி போட்டான், கிளாஸில் ஊற்றிக் கொடுத்தான், ஏதோ சொன்னான். மதாம் சிரித்தார். தன்னிடம் ஒரு நாளும் இப்படிச் சிரித்ததில்லையே என்று தெய்வசிகாமணி கயிற்றை இறுக்கியதில் பெட்டிப் பலகையே விரிந்துவிட்டது.

அது ஐம்பத்தேழாம் வருஷத்துக் கத்திரி வெயில். அந்தச் சமயத்தில்தான் குண்டுப் புட்டிகள் மிச்சத்தோடு திரும்ப ஆரம்பித்தன. ஒரு வீட்டில் பாதி, ஒரு வீட்டில் முக்கால். காரணம் அவருக்குப் புரிந்துவிட்டது. குண்டுப் புட்டியைப் படுக்க வைக்க முடியாது. நின்றே கிடந்து தக்கை காய்ந்துவிடும். போதாததற்குக் கிடங்கில் மேற்குச் சுவர் ஓரமாக அடுக்கியிருந்தார்கள். உள்ளே இருப்பது புளித்துக் காடியாகிக்கொண்டிருக்கிறது. முதலாளியிடம் சொல்ல வாயெடுத்தார். குண்டுப் புட்டியைப் புகழ்ந்து விற்பவன் கன்னியப்பன் என்பது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர் கிடங்கில் இருந்தபோது வெளியே மதாம் குரல் கேட்டது. சைகோனிலிருந்து அவருடைய அண்ணன் வந்திருக்கிறாராம். பிரான்சுக்குப் போகாமல் இந்த ஊரில் உட்கார்ந்து தங்கை சீரழிகிறாள், நல்லதாக ஒரு கிளாஸ் குடிக்கக்கூட அவளுக்கு வக்கில்லை என்று ஊரெல்லாம் சொல்கிறாராம். நாளைக்கு மதியம் விருந்து. என் பென்ஷனிலும் நான் மரியாதையாகத்தான் வாழ்கிறேன் என்று அவருக்குக் காட்டவேண்டுமாம்.

"தெய்வசிகாமணி எங்க?" என்று கேட்டார் மதாம்.

கிடங்கு வாசலில் தொங்கிய சாக்குத் திரையை விலக்கிக்கொண்டு கன்னியப்பன் உள்ளே வந்தான். "அண்ணே, மதாம் உங்களக் கேக்குறாங்க."

ஒப்புக்குக் கேட்கிறார், அவன்தான் அங்கே நிற்கிறானே என்று நினைத்தார் தெய்வசிகாமணி. "நான் இல்லன்னு சொல்லு."

அவன் திரையை விட்டுவிட்டுக் கிட்டே வந்தான். "விருந்துக்கு குண்டுப் புட்டி ஆறு குடுக்கலாம்னு பாக்குறேன். மேசையில வச்சா அழகா இருக்கும். நான் கடைக்கு வந்த புதுசுல ருசி பாத்தேன், நல்லா இருந்துச்சி. இப்ப பரவால்லியாண்ணே?"

கேட்டானே, பாவி! நேருக்கு நேர் கேட்டான். இரண்டடி தள்ளி மணலில் குழந்தைப் புட்டிகள் குளுகுளுவென்று படுத்துக் கிடந்தன. கை நீட்டினால் போதும்.

"உன் நாக்குக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போவுது?" என்றார் தெய்வசிகாமணி.

ஆறு குண்டுப் புட்டியும் ரிக்‌ஷாவில் ஏறிப் போனதைத் திரை இடுக்கு வழியாகப் பார்த்தார். அன்றைக்குப் பாலத்தில் சைக்கிள் மிதிக்கையில் பாட்டுக்கூட வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் சோற்றில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். இந்நேரம் தக்கையைப் பிடுங்கியிருப்பார்கள்.

திங்கட்கிழமை தனக்கொடி கூடையை டொம்மென்று இறக்கினாள்.

"இன்னாய்யா சரக்கு குடுத்தீங்க? மூணு தொறந்தாங்க, மூணும் காடி. அந்த அண்ணங்காரரு கிளாஸக் கவுத்து வச்சிட்டு, தண்ணி குடுன்னு கேட்டாரு. பாத்தியா, இதான் ஒன் பொழப்புன்னு சிரிச்சாரு. எல்லாரும் போனப்புறம் அம்மா குசினியில அடுப்புகிட்ட வந்து நின்னு அழுதுச்சி."

முதலாளி கன்னியப்பனைக் கடை நடுவே நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினார். தெய்வசிகாமணி ஏணிமேல் நின்று, இதோ சொல்லப்போகிறான், என்னைக் காட்டிக் கொடுக்கப்போகிறான் என்று காத்திருந்தார். அவன் தலையைக் குனிந்து, "என் தப்புதாங்க மொதலாளி. பாக்காமக் குடுத்துட்டேன்," என்றான். அதோடு சரி.

சனிக்கிழமை பத்து மணிக்கு மதாம் வந்தார். குடையை மடக்கினார். கன்னியப்பனைத் தாண்டி நேரே இவரிடம் வந்து நின்றார்.

"தெய்வசிகாமணி, என் கையில இருக்கிறதுக்கு உங்கிட்ட என்ன இருக்கு?"

எந்தக் கேள்விக்காக ஏங்கினாரோ அதே கேள்வி.

"போன வாரம் நீ கடையில இல்லாமப் போயிட்ட," என்றார் மதாம். "இருந்திருந்தா அந்தப் புட்டிய நான் தொட விட்டிருப்பியா?"

பக்கத்து அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த கன்னியப்பனின் கை நின்றது. தெய்வசிகாமணி அவனைப் பார்த்தார். அவன் இவரைப் பார்க்கவில்லை.

"ஆமாங்க மதாம்," என்றான் அவன். "அன்னிக்கு அண்ணன் கடையிலயே இல்ல."

தெய்வசிகாமணி கிடங்குக்குள் போய் இரண்டு குழந்தைப் புட்டிகளை எடுத்து, மணலைத் துடைத்து, காகிதம் சுற்றிக் கொடுத்தார். மதாம் இவரைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்குக் கன்னியப்பனுக்குப் போன அதே சிரிப்பு. அதை வாங்கிக்கொண்டு அவரால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. நாக்கில் மட்டும்தான் அவன் உசத்தி என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். இப்போது அவனைத் திட்டக்கூட ஒரு காரணம் மிச்சமில்லை. அதற்காகவும் அவன்மேல் வயிறு எரிந்தது.