பச்சை வட்டத்துக்குள் மிச்சமிருந்தது

ஜெசிந்தா டாக்டர் மாரடைப்பில் போய்விட்டார் என்று போன செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தபோது, நான் ஆய்வகத்தில் திசு ஒட்டிய கண்ணாடி ஸ்லைடைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பாதியில் விட முடியாத வேலை. முடித்துவிட்டுத்தான் அழுதேன். அவர் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்.

தூத்துக்குடியில் திசுவைப் பார்த்து நோய் சொல்லும் அவரோடு, ஆய்வக உதவியாளனாகப் பதினான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். அவரோடு வேலை பார்த்து அவருடைய கோபத்தை அறிந்த நண்பர்களே, உங்களுக்கு நான் இதுவரை வெளியே விடாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அந்தோணி அண்ணாச்சிக்குப் பெருங்குடலில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவியிருந்தது. இந்தப் புற்று செல்களின் மேல் வளர்ச்சிக் காரணி ஏற்பிகள் உண்டு. வளரச் சொல்லி வெளியிலிருந்து வரும் சமிக்ஞையை வாங்கி அவை உள்ளே அனுப்பும். செல் பெருகவும் இடம்விட்டு இடம் பரவவும் அது தூண்டுகிறது. ஏற்பியை அடைக்க மருந்து இருக்கிறது. ஆனால் உள்ளே ராஸ் என்ற மரபணு பழுதாகியிருந்தால் அந்த மருந்து பலிக்காது. "உள்ள ஒயர் ஒட்டிக்கிட்டு மணி அடிச்சிட்டே கெடக்கு. வாசல்ல சுவிட்சப் பூட்டி என்னத்துக்குலே?" என்பார் டாக்டர்.

பழுது உண்டா என்று அறிய, திசு ஸ்லைடில் புற்று இருக்கும் இடத்தை அவர் பச்சைப் பேனாவால் வட்டமிடுவார். அதைப் பார்த்து இன்னொரு ஸ்லைடில் அதே இடத்தை நான் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்புவேன். சரியான இடத்தைத்தான் சுரண்டினேனா என்று, சுரண்டிய ஸ்லைடுக்கும் வேலை ஒழிந்த பிறகு சாயமேற்றிப் பார்ப்பது அவர் வழக்கம். வெட்டி வேலை என்று நான் முணுமுணுப்பேன்.

அண்ணாச்சிக்குப் பழுது இல்லை என்று முடிவு வந்தது. ஏற்பியை அடைக்கும் அந்த மருந்தை ஏற்றும் நாள் காலை, டாக்டர் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்காமலே கூப்பிட்டார்.

"ஏலே சங்கரா, வட்டம் போட்ட எடத்துல புத்து அப்படியே இருக்கு. நீ எதைச் சுரண்டுன?"

ஸ்லைடைத் தலைகீழாக வைத்திருக்கிறேன். பரிசோதனைக்குப் போனது நல்ல சதை. அதில் பழுது எப்படித் தெரியும்?

அண்ணாச்சி இருந்த ஆஸ்பத்திரி ஊரின் அந்தப் பக்கம்; வார்டில் யாரும் போன் எடுக்கவில்லை. பத்து மணிக்கு மருந்து. மணி ஒன்பது ஐம்பது. வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் டாக்டர் என் பைக்கில் ஏறினார். உப்பு லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓட்டினேன். நாங்கள் நுழையும்போது நர்ஸ் டியூபை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நிறுத்தும்மா!" என்றார் டாக்டர்.

அண்ணாச்சியின் மனைவி எழுந்து வந்தார். "இந்த மருந்துக்குத்தான டாக்டர் இத்தனை நாளாக் காத்துக் கெடந்தோம்? இப்ப வந்து நிறுத்துன்னா?"

"தப்பு நடந்துபோச்சும்மா. என் மேலதான் தப்பு. மறுபடி பாத்துட்டுச் சொல்லுதேன்."

நான் கதவோரம் நின்றேன்.

மறுபரிசோதனையில் பழுது இருந்தது. வேறு மருந்து கொடுத்தார்கள். என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று டாக்டரிடம் கேட்டேன். "ரிப்போர்ட்டுல இருக்க கையெழுத்து என்னோடது. ஒனக்குச் சொல்லணும்னா நீ சொல்லு" என்றார். இரண்டு வருடம் நான் சொல்லவில்லை.

டாக்டரை அடக்கம் செய்த புதன்கிழமை, கல்லறைத் தோட்டத்தில் அண்ணாச்சி நின்றிருந்தார், சட்டைக்குள் பாதி ஆளாக. "என் தப்புன்னு நேர்ல வந்து சொன்ன டாக்டர் அவிய ஒருத்தருதான்" என்றார்.

"அது அவிய தப்பு இல்ல, அண்ணாச்சி. நான் செஞ்சது."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "இப்பவாது பாத்துட்டு அனுப்புதியளா?"

"பாக்கேன்."

டாக்டரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த வெட்டி வேலையைத்தான். மறுநாள் ஆய்வகத்துக்குப் போனதும், போன் வந்தபோது சுரண்டிய ஸ்லைடுக்குச் சாயமேற்றிப் பார்த்தேன். வட்டம் போட்ட இடத்தில் புற்று ஒன்றும் மிச்சமில்லை.