வெற்றிலை ஏற்றிய கோடு

மாத்தளை டவுனில் ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவள் நான். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை போய்விட்டது. போய்விட்டது என்றால், இருக்கிறது, தோளிலிருந்து தொங்குகிறது, கத்தரியைத்தான் பிடிக்காது. அன்றைக்குப் பாதி வெட்டிய பச்சைத் துணி மேசை மேல் அப்படியே கிடந்தது. அதை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். கை வந்ததும் நானே வெட்டுவேன் என்று பிடிவாதம்.

கண்டியில் ஏதோ ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வீட்டுக்காரர் கூட்டிப்போனார். உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சு வில்லைகளைத் தலையில் வைத்துக் கட்டி, பேட்டரிப் பெட்டியிலிருந்து மிகச் சின்ன மின்சாரம் விடுவார்கள். எறும்பு ஊர்வது போல இருக்கும், வேறொன்றுமில்லை. நெற்றியில் ஒரு பட்டி. அது ஒளியைப் பாய்ச்சி, உள்ளே ரத்தம் கூடுகிறதா குறைகிறதா என்று திரையில் கோடாகக் காட்டும்.

அங்கிருந்த டொக்டர் பிள்ளை, சின்னப் பெண்தான், முதல் நாளே விளக்கினாள். "கரண்ட் ரத்தத்தைத் தள்ளாதும்மா. மூளையைக் கொஞ்சம் உசுப்பி விடும். மூளை வேலை செஞ்சா ரத்தம் கேக்கும். கேக்குதான்னுதான் பாக்குறோம்."

எனக்குக் காதில் விழுந்தது ஒன்றுதான். ரத்தம் ஏறினால் கை வரும்.

ஆஸ்பத்திரிக்கு வருகிற நாளில் தேத்தண்ணி, கோப்பி, சிகரட் கூடாது என்று ஒரு தாள் கொடுத்தார்கள். காலைத் தேத்தண்ணி இல்லாவிட்டால் எனக்குத் தலை வெடிக்கும். அதனால் பஸ் ஏறியதும் வெற்றிலை போட்டேன். தாளில் வெற்றிலை இல்லையே! ஆஸ்பத்திரிக் குழாயில் வாயைக் கொப்பளித்துவிட்டு நல்ல பிள்ளையாய்ப் போய் உட்காருவேன்.

முதல் நாலு நாளும் கோடு பெரிதாக அசையவில்லை. ஐந்தாம் நாள் வழியில் அக்குறணை நெரிசலில் பஸ் மாட்டிக்கொண்டது. எரிச்சலில் இறங்குமுன் இன்னொரு வாய் போட்டேன். அன்றைக்கு நெற்றியில் பட்டியைக் கட்டியதுமே கோடு ஏறியது.

"அந்தா ஏறுது, பாரு பாரு!" என்றார் வீட்டுக்காரர். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன்.

டொக்டர் பிள்ளை சிரிக்கவில்லை. "பெட்டியை நான் இன்னும் போடவே இல்லையேம்மா. டீ குடிச்சீங்களா?"

"சாமி சத்தியமா இல்ல மிஸ்."

என் வீட்டு அரிச்சந்திரன் வாயைத் திறந்தார். "டீ இல்ல மிஸ். வெத்தலதான் போட்டா. தெனமும் போடுவா."

அந்த இடத்திலேயே அவரைக் கொன்றிருப்பேன், கை இருந்திருந்தால்.

அவள் பட்டியை மெல்லக் கழற்றினாள். "வெத்தல பாக்கு போட்டா நெஞ்சு படபடக்கும், முகம் சூடாகும். நெத்தித் தோல்ல ஓடுற ரத்தமும் கூடும். அதுவும் இந்தக் கோட்டுல சேர்ந்திரும். அஞ்சு நாள் கணக்கும் இனி ஒண்ணுக்கும் ஆகாதும்மா." தாளை எடுத்து, சிகரட்டுக்குக் கீழே வெற்றிலை என்று எழுதினாள். "எங்க தப்பும்தான். கேக்காம விட்டுட்டோம். திங்கக்கிழமை முதல்ல இருந்து தொடங்கலாமா?"

"அப்ப என் கை?"

தாளை என்னிடம் நீட்டினாள். "கோடு ஏறினாலும் கை வரும்னு நான் சொல்லலியேம்மா. எங்களுக்கே தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் இதெல்லாம்."

உண்மைதான். அவள் சொல்லவே இல்லை. நானாகத்தான் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

பஸ் ஏறி ஊருக்குத் திரும்பினோம். திங்கட்கிழமை போவேன், வெற்றிலை போடாமல் போவேன், அது வேறு. வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு மேசைக்குப் போனேன். வலது கையைத் துணி நகராமல் இருக்க மேலே தூக்கி வைத்தேன். கத்தரியை இடது கையில் எடுத்தேன். வலது கைக்காகச் செய்த கத்தரி, கட்டைவிரலைக் கடித்தது. வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கோணலாப் போகுதே."

"போகட்டுங்க," என்றேன். "வெட்டுறது நான்தானே."