துபாய்த் தொப்பி

என் தாய்மாமா துபாயிலிருந்து லீவில் வந்தபோது தலையில் ஒரு தொப்பி இருந்தது. முன்பக்கம் மட்டும் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் தொப்பி. அமெரிக்காவில் பேஸ்பால் ஆடுகிறவர்கள் வெயிலுக்குக் கண் கூசாமலிருக்கப் போட்டுக்கொண்டது என்று பின்னாளில் படித்தேன். அந்த ஆட்டத்தை எங்கள் சங்கரன்கோவிலில் கண்டவர் எவருமில்லை. ஆனால் இன்றைக்குத் திருவிழாக் கடை முழுக்க அந்தத் தொப்பிதான் தொங்குகிறது. அன்று எங்கள் தெருவுக்கே அது ஒன்றுதான். துபாய்த் தொப்பி என்றால் எல்லாருக்கும் தெரியும்.

மாமா சாப்பிடும்போதும் அதைக் கழற்றவில்லை. டீக்கடை அண்ணாச்சி, "உள்ள கோழி எதும் அடை வச்சிருக்கியாடே?" என்று கேட்டார். கோழி இல்லை, முடியும் இல்லை. அந்த ஊர்த் தண்ணீர் அத்தனையையும் கொண்டுபோய்விட்டதாம். மாமாவுக்குப் பேசியிருந்த சிவகிரிப் பெண்வீட்டுக்கு அம்மா அனுப்பியிருந்ததோ, மாமா சுருள்முடியோடு நிற்கிற பழைய போட்டோ.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வரும்போது மாப்பிள்ளையையும் அப்படியே பார்த்துக்கொள்கிறோம் என்று அவர்கள் சொல்லியனுப்பினார்கள். அம்மா மாமாவை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"ஏலே, தாலி ஏறுத வரைக்கும் தொப்பியக் கழட்டிராத. பொறவு யாரு என்ன செய்ய முடியும்?"



அன்று சாயங்காலம் ரதவீதியில் மூச்சுவிட இடமில்லை. மாமா என்னை இடுப்பில் தூக்கி வைத்திருந்தார். பெண்வீட்டார் நேர் எதிரே நின்றார்கள். சாமி காட்சி கொடுக்கிற நேரத்தில், தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் மிளகாய் வத்தலையும் வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் அள்ளி வீசுவது எங்கள் ஊர் வழக்கம். முதல் கை வத்தல் பறந்தது.

"ஏட்டி, கண்ணுல விழுந்துரும்" என்றபடி மாமா தொப்பியைக் கழற்றி என் தலையில் கவிழ்த்தார். அது மூக்குவரை இறங்கிவிட்டது. எனக்குச் சாமியும் தெரியவில்லை, பெண்ணும் தெரியவில்லை. வேர்வையும் தேங்காயெண்ணெயும் கலந்த இருட்டுக்குள், அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு திட்டுவது மட்டும் கேட்டது.

காரியம் கெட்டது என்று அம்மா சோறு தண்ணியில்லாமல் படுத்துவிட்டாள். மறுநாளே சிவகிரியிலிருந்து ஆள் வந்தது, பெண்ணுக்குச் சம்மதம், தலையை ஒளிக்காமல் காட்டின மாப்பிள்ளைதான் வேணுமாம் என்று.

கல்யாணப் பந்தியில் புது அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மாமாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னேன். என் கண்ணில் வத்தல் விழக் கூடாதென்றுதான் அன்றைக்குத் தொப்பியைக் கழற்றினார், அத்தனை பாசம் என்றேன்.

"ஒன் கண்ணுக்காகவா மக்கா?" என்று கேட்டுவிட்டு அத்தை மாமாவைப் பார்த்தாள். மாமா இலையைப் பார்த்தார். அந்த வழுக்கைத் தலை ஏன் அப்படிச் சிவந்தது என்று எனக்கு விளங்கவில்லை. சாம்பாரில் காரம் என்று நினைத்து, என் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.