எடுவா, விடுவா?

ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இருந்துகொண்டு மூன்று வருடம் பேசாமல் இருப்பது லேசுப்பட்ட காரியமல்ல. அதற்கு வைராக்கியம் வேண்டும். தையல்காரியிடம் அது மீட்டர் கணக்கில் இருந்தது.

கீழே அவளுடைய கடை. பள்ளிச் சீருடை தைப்பாள், ஜிப் மாற்றுவாள். மாடியில் அவளுடைய நாத்தனார். தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அறை அறையாக எறிகிற வேலை. நடுவில், படியேறி இறங்கியே முழங்கால் தேய்ந்தவர் ஒருவர். ஒருத்திக்குக் கணவர், மற்றவளுக்கு அண்ணன்.

"உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, மாடில குழாய் திறந்தே கிடக்கு."

"உன் பின்னாடிதான் நிக்கிறா. கேட்டுக்கிட்டுதான் இருக்கா."

"சொல்லுங்கன்னா சொல்லுங்க."

அவர் தலையை மட்டும் திருப்பினார். "குழாய் திறந்திருக்காம்."

"மூடிட்டேன்னு சொல்லுண்ணா."

இந்தப் பகைக்குக் காரணம் சொத்தல்ல, நகையல்ல. ஒரே ஓர் எழுத்து.

இருவரும் இறகுப்பந்தாட்டத்தில் ஜோடி. தையல்காரி வலைக்குப் பக்கத்தில் நிற்பாள், நாத்தனார் பின்னால். முன்னால் நிற்பவளுக்குப் பின்கோடு தெரியாது. தோளுயரத்தில் சீறி வரும் பந்து உள்ளே விழுமா, வெளியே போகுமா என்று பின்னால் இருப்பவள்தான் குரல் கொடுக்க வேண்டும். "எடுங்க அண்ணி" என்று மரியாதையாகச் சொல்லி முடிப்பதற்குள் பந்து தரையில் கிடக்கும். அதனால் ஆட்டத்தில் மட்டும் மரியாதையைக் கழற்றி வைத்துவிட்டு, "எடு", "விடு" என்று இரண்டே சொல்லில் ஒப்பந்தம்.

மூன்று வருடத்துக்கு முன் இறுதி ஆட்டத்தின் கடைசிப் புள்ளி. பந்து வந்தது. தையல்காரி விட்டாள். பந்து கோட்டுக்கு உள்ளே, ஒரு விரற்கடை தள்ளி, பூப்போல உட்கார்ந்தது. கோப்பை போயிற்று.

"விடுன்னு சொன்னியே, பாவி."

"எடுன்னுதானே கத்தினேன்."

அன்று மூடிய வாய்கள் அவை. தையல்காரி அதோடு விடவில்லை. கணவர் வேலை பார்ப்பது காதுக் கருவி விற்கும் கடை. அங்கே போய்க் காதைச் சோதித்து, இரண்டு காதும் பழுதில்லை என்று தாள் வாங்கி வந்து, படிக்கட்டுச் சுவரில் ஒட்டினாள். மாடிக்குப் போகிறவள் தினமும் பார்க்கட்டுமே.

கணவருக்குத் தொழில் ரகசியம் ஒன்று தெரியும். ஒரே ஒரு தடவை வாய்விட்டார். "காது பாதிதான்மா கேக்கும். மீதியை மனசு ரொப்பிக்கும். கடைக்கு வர்றவங்க பாதிப் பேர் அப்படித்தான்."

"அப்போ நான் செவிடா?"

அந்த மாதம் முழுக்க அவர் சட்டைகளில் பித்தான் கிடையாது.

ஆனாலும் ஜோடி பிரியவில்லை. தையல்காரி வேறு ஆள் தேடிப் பார்த்தாள். ஒருத்தி ஒவ்வொரு பந்துக்கும் "அய்யோ" என்றாள். கணவரை நிறுத்திப் பார்த்தாள். மட்டை அவர் மூக்கில் இறங்கியது. கடைசியில் பழைய ஜோடியே ஊமையாக ஆடத் தொடங்கியது. அதிசயம் என்னவென்றால், முன்னைவிட நன்றாக ஆடினார்கள். பின்னால் ஷூ கிறீச்சிட்டால் நாத்தனார் இடப்பக்கம் ஓடுகிறாள். ஒரு மூச்சு இழுபட்டால் ஓங்கி அடிக்கப் போகிறாள். எதிராளியின் முழங்கை மடிவதைப் பார்த்தே தையல்காரி மட்டையை நீட்டிவிடுவாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் விழிப்பாள். மேசையிலிருந்து கத்தரிக்கோல் விழுந்தால் கை முதலில் பிடிக்கும், விழுந்த சேதி பிறகுதான் மனசுக்கு வரும். அந்த மாதிரி.

இந்த வருடம் மறுபடி இறுதி ஆட்டம் வந்தது. கூடவே ஒரு தாளும் வந்தது: நாத்தனாருக்கு வெளியூர் மாற்றல், ஆட்டம் முடிந்த பத்தாம் நாள் கிளம்ப வேண்டும்.

கணவர் தையல் இயந்திரத்துக்கு முன்னால் வந்து நின்றார். "போறதுக்குள்ள ஒரு வார்த்தை பேசிடேன். அவ போயிட்டா நான் யாருகிட்டதான் தூது போறது?"

"விடுன்னு சொன்னதை ஒத்துக்கச் சொல்லுங்க. அடுத்த நிமிஷம் பேசுறேன்."

சொல்லிவிட்டு அவள் தைத்த சட்டைக்கு மூன்று கை இருந்தது. உள்ளுக்குள் அவள் நெஞ்சு அந்தப் பத்து நாளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்ததை இயந்திரம் மட்டுமே அறியும்.

இறுதி ஆட்டத்தில் எதிரே பள்ளிக்கூட விளையாட்டு டீச்சர்கள் இருவர். ஒருத்தி நெட்டை. இருபதுக்குப் பத்தொன்பது, இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை நம்மவர்களுக்கு. நெட்டை டீச்சர் ஓங்கினாள். தோளுயரத்தில் பந்து சீறி வந்தது. தையல்காரியின் மட்டை எழுந்தது.

"விடு."

தெளிவாக, பின்னாலிருந்து, நாத்தனாரின் குரலில். தையல்காரி மட்டையை இழுத்துக்கொண்டாள். பந்து காதை உரசிப் போய்க் கோட்டுக்கு வெளியே விழுந்தது.

கூடமே கைதட்டியது. தையல்காரிக்கு எதுவும் காதில் விழவில்லை. மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை. கண்ணில் நீர் முட்டத் திரும்பினாள்.

"கடைசில நீயே பேசிட்டியே."

நாத்தனார் விழித்தாள். "நான் எங்க அண்ணி பேசினேன்?"

"இப்போ விடுன்னியே."

"வாயே திறக்கலை. பயத்துல நாக்கு மேல ஒட்டிக்கிச்சு."

தையல்காரி நடுவரைப் பார்த்தாள். அவர் உயர நாற்காலியிலிருந்தே உதட்டைப் பிதுக்கினார். "அந்தம்மா பேசவே இல்லைங்க."

தையல்காரிக்கு மெல்லப் புரிந்தது. டீச்சரின் மட்டை மல்லாந்ததைக் கண் பார்த்திருக்கிறது. பந்து வெளியேதான் போகும் என்று மனசு கணக்குப் போட்டிருக்கிறது. அதை அவளிடம் சொல்ல நாத்தனாரின் குரலை இரவல் வாங்கியிருக்கிறது. அப்படியென்றால் அன்றைக்கு?

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. கோப்பையை வாங்கிக்கொண்டு, நியாயத்தையும் தன் பக்கமே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். எதிரே நாத்தனார் வியர்வை வழிய நின்றாள். இன்னும் பத்து நாளில் அந்த முகம் மாடியில் இருக்காது.

"அப்போ அன்னைக்கும் நீ விடுன்னு சொல்லியிருக்க மாட்டே," என்றாள் தையல்காரி. ஊசியை விழுங்குவது போலிருந்தது.

நாத்தனார் மட்டையின் நரம்புகளைச் சரிசெய்தாள். "எடுன்னும் சொன்னேனான்னு தெரியலை அண்ணி. சொல்லணும்னு நெனச்சேன். நெனச்சதுக்கும் சொல்றதுக்கும் நடுவுல பந்து விழுந்துருச்சு."

"அடிப்பாவி. இதை மூணு வருஷம் முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க காதுக்குத் தாள் வாங்கி ஒட்டினீங்க. வாய்க்குத் தாள் குடுக்கிற கடை எனக்குக் கிடைக்கலை."

இருவரும் சிரித்த சிரிப்பில் மூச்சு இரைத்தது. கணவர் ஓடிவந்து, பழக்கதோஷத்தில், "அவ என்ன சொல்றான்னா..." என்று தொடங்கினார். "நீங்க சும்மா இருங்க" என்றும் "நீ சும்மா இருண்ணா" என்றும் ஒரே சமயத்தில் இரண்டு பக்கமும் அடி விழுந்தது.

அந்தப் பத்து நாளும் சீருடைகள் வெட்டியபடியே கிடந்தன. மூன்று வருடப் பேச்சு பாக்கி இருந்தது.

கிளம்பும் நாள், பேருந்தின் ஜன்னலோரம் நாத்தனார், கீழே தையல்காரி.

"என்ன இருந்தாலும் கோப்பை ஜெயிச்ச அன்னைக்கு முதல்ல பேசினது நான்தான் அண்ணி."

"நல்லா இருக்கே கதை. நான்தாண்டி திரும்பிப் பேசினேன். என் தலைமேல அடிச்சுச் சொல்றேன்..."

சத்தியத்துக்குத் தூக்கிய கை பாதியில் நின்றது. நிஜமாகவே முதலில் பேசியது தான்தானா, இல்லை இதுவும் மனசு ரொப்பியதா? நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியவில்லை. அதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டது. தூக்கிய கையை வீணாக இறக்குவானேன் என்று, பேருந்து கண்ணுக்கு மறையும் வரை அதையே ஆட்டிக்கொண்டு நின்றாள்.