கிரவுனில் ஊற்றிய ஆயில்

ஆவடிப் பக்கம் இருந்த எங்கள் நிலத்தை யுத்தத்தின்போது ராணுவத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். கிடைத்த பணத்தில் அண்ணனும் நானும் பழைய சின்ன லாரி ஒன்றை வாங்கினோம். செங்கல், வைக்கோல், திருவேற்காட்டுக் கத்தரிக்காய் என்று எதை ஏற்றினாலும் முனகாமல் இழுத்தது. முனகியதெல்லாம் நாங்கள்தான்.

அண்ணன் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தன் மாமனார் வீட்டுக் கல்யாணத்துக்கு வண்டியை அனுப்பினார். நான் கத்தினேன். அன்றோடு பேச்சு நின்றது. நிலமாக இருந்தால் நடுவில் வரப்பு போட்டுப் பிரித்துக்கொள்ளலாம். லாரியை என்ன செய்வது? விற்றுவிடலாம் என்று அண்ணி மூலமாகச் சொல்லி அனுப்பினார். எனக்குத் துளியும் இஷ்டமில்லை. வண்டி போனால் அண்ணனும் போன மாதிரிதான். ஆனாலும் ரோஷம், சரி என்றேன்.

ஓட்டிப் பார்த்து வாங்க பூந்தமல்லியிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் ஆயில் மாற்றினோம். பின் அச்சின் நடுவே உள்ள பல்சக்கரப் பெட்டியைக் கிரவுன் என்போம். அண்ணன் அடியில் படுத்துப் பழைய ஆயிலை இறக்கி, விரலில் தேய்த்துப் பார்த்து, கையை என் பக்கமும் நீட்டினார். கறுப்புதான், ஆனால் இரும்புத்தூள் ஒரு பொட்டுகூட இல்லை. பல் தேயவில்லை என்று அர்த்தம்.

நான் மேலே ஏறி லாரியின் தளப் பலகையைத் தூக்கிவிட்டு, புனலும் குழாயும் வைத்துப் புது ஆயிலை ஊற்றினேன். பெட்டி நிறைந்தால் ஊற்றும் துவாரத்திலேயே வழியும். கீழே இருப்பவர் குரல் கொடுக்க வேண்டும். அண்ணன் ஸ்பானரால் தட்டினார். கேட்டது. நான் நிறுத்தவில்லை. ஆயிலுக்கு ஊரே அலைந்த காலம் அது. மறுபடி தட்டினார். ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

“டேய், கண்ல ஊத்துதுடா! காது கேக்கல?”

“கேட்டுச்சிண்ணா.”

“அப்பறம் இன்னாத்துக்கு ஊத்திகினே கீற?”

“நீ பேசுறியான்னு பாத்தேன்.”

அண்ணன் துணி கேட்டார். இறங்கிப் போய் நானே முகத்தைத் துடைத்துவிட்டேன். சந்தோஷமாக இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் பூந்தமல்லிக்காரர் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிடித்துப்போயிற்று. ஓட்டிப் பார்க்க ஏறப் போனவரை அண்ணன் மறித்தார்.

“வாணாம் அண்ணாத்தே. கிரவுன்ல பல்லு தேஞ்சி கீது.”

வந்தவர் என்னைப் பார்த்தார்.

“ஆமாங்க,” என்றேன். “ரொம்பத் தேஞ்சி கீது.”