தப்பாகப் பாடினால் வகுப்பு

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி அடுக்ககத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து ஸ்வர்ணா மாலையில் பாடுவாள். பகலெல்லாம் கம்பெனியில் மென்பொருளில் குறை தேடுகிற வேலை. சுருதிப் பெட்டியைப் போட்டு நாலு கீர்த்தனை பாடினால்தான் இரவுச் சாப்பாடு இறங்கும்.

கீழ்வீட்டு ஓஸ்வால்ட் புகார் கொடுத்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் கிரண் கன்னடம் கலந்த தமிழோடு வந்தார்.

"நோடி மேடம், பாட்டுன்னா சத்தம். டியூஷன்னா எஜுகேஷன். டியூஷனுக்குப் பர்மிஷன் உண்டு. ரூல்ஸ் அஷ்டே, அவ்வளவுதான்."

ஆக, பாட வேண்டுமானால் ஒரு மாணவி வேண்டும். மறுநாளே ஒருவர் வந்தார். ஓஸ்வால்டின் மனைவி ஐரின்.

"ஆண்ட்டி, உங்க வீட்டுக்காரர்தானே கம்ப்ளெயின்ட் குடுத்தார்?"

"அதான்மா வந்தேன். முப்பது வருஷமா அவரு குறட்டைய நான் கேக்கல?"

ஐரினின் குரல் பஞ்சமத்தைத் தேடிப் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும். கிரண் அவ்வப்போது வாசலில் நின்று சோதிப்பார். ஸ்வர்ணா பாடினால் முகம் சுளிப்பார். ஐரின் பிசகினால் மலர்வார். "தப்பு வருதல்லவா? அப்ப இது கிளாஸ்தான்."

அதனால் ஸ்வர்ணாவுக்கு வசதிதான். பத்து நிமிடம் ஐரின், மீதி நேரமெல்லாம் அவள். ஐரின் தேறாதவரை கவலையில்லை.

ஒரு வியாழக்கிழமை கிரண் வந்து நின்றபோது, ஐரின் கண்ணை மூடிச் சரளி வரிசையைத் தொடங்கினார். பஞ்சமம் கம்பி மேல் குருவி உட்கார்ந்த மாதிரி வந்து அமர்ந்தது. ஐரினே திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்.

கிரணின் புருவம் ஏறியது. "தப்பே இல்லையே மேடம்?"

ஸ்வர்ணா தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாலைகள் பிழைத்துவிடும். ஐரின் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்பச் சரியா இருக்கு ஆண்ட்டி," என்றாள் ஸ்வர்ணா.

"அப்ப இது கச்சேரி," என்று தீர்ப்புச் சொல்லி, அன்றே அனுமதியை ரத்து செய்தார் கிரண்.

அந்த ஆண்டே அவள் வேலையை விட்டு, இசை ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தாள். நேர்காணலில் முன்னால் போனவர்களெல்லாம் கலைச்சேவை, தெய்வ சங்கல்பம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

"நீங்க ஏன்மா டீச்சராகணும்?"

"ஒரு ஆண்ட்டிக்கு சுருதி சேர்ந்துச்சு சார். அப்போ அவங்க மூஞ்சியப் பாத்தேன். அது மறுபடி வேணும்."

தேர்வாளர் பேனாவை மூடினார். "இப்ப வீட்டுல சாதகம் எப்படிப் பண்றீங்க?"

"லிஃப்டுல சார். லிஃப்டைப் பத்தி ரூல்ஸ்ல ஒண்ணும் போடல. பதினாலாவது மாடி வரைக்கும் ஆலாபனை, எறங்கும்போது கீர்த்தனை. ஆண்ட்டியும் கூட வர்றாங்க."